எங்கள் தெருத் தண்ணீர் முதல் வகுப்பில் தேறிய கதை

முதலில் வந்தது ஒரு ஊறுகாய் பாட்டில். லேபிளைச் சுரண்டி எடுத்து, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, மூடிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாளும் வைத்து இறுக்கியிருந்தார்கள். கொண்டுவந்த அம்மாள் நல்ல புடவையாகக் கட்டி, தலையில் பூவும் வைத்திருந்தார்.

"எங்க வீட்டுத் தண்ணி மேடம்" என்று இரண்டு கையாலும் நீட்டினார். நானும் தாம்பூலம் வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அது ஒரு சனிக்கிழமை காலை. எங்கள் காலனிப் பிள்ளையார் கோவிலுக்கு எதிரே இருந்த காலி மனையில் சாமியானா போட்டிருந்தோம். மேஜைக்கு நீல நிறத் துணி. பக்கத்தில் ஐஸ் பெட்டி. வெள்ளைக் கோட்டு போட்ட என் மாணவிகள் நால்வர். பின்னால் பெரிய பேனர். அதில் வேந்தர், துணைவேந்தர், டீன் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓர் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் படமாக இருந்தது. 'உங்கள் வீட்டுத் தண்ணீரை நாங்கள் சோதித்துச் சொல்கிறோம்' என்பது நிகழ்ச்சியின் பெயர்.

தெருவே வரிசையில் நின்றது. ஜூஸ் பாட்டில், எண்ணெய் டப்பா, பூஜைக்கு வைத்திருந்த புதுச் சொம்பு என்று கைக்குக் கை ஒன்று. நான் ஒவ்வொன்றிலும் வீட்டு எண் எழுதி ஒட்டினேன். கோவில் மடைப்பள்ளியிலிருந்து வெண்பொங்கலின் மிளகு வாசனை வந்துகொண்டிருந்தது. அன்று நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். இதை இப்போதே எழுதிவைத்துவிடுகிறேன். இந்த அத்தியாயத்தில் சந்தோஷம் இந்தப் பத்தியோடு சரி.

ஏனென்றால், அந்த ஒரு காலையில்தான் எங்கள் தெருவுக்கு வரவேண்டிய குடிநீர்க் குழாய் கை நழுவிப்போனது. யாரும் லஞ்சம் கேட்கவில்லை. எந்த அரசியல்வாதியும் குறுக்கே நிற்கவில்லை. படித்தவர்கள் நாங்களே வரிசையில் நின்று அதைக் கெடுத்துக்கொண்டோம்.

டீ நிறத்துப் பனியன்

எங்கள் காலனி, பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவே, ரயில் பாதைக்கு மேற்கே இருக்கிறது. காற்று இந்தப் பக்கமாக அடித்தால் விடியற்காலையில் மிருகக்காட்சிசாலைச் சிங்கத்தின் சத்தம் கேட்கும். மனை வாங்கிய காலத்தில் தரகர் எங்களுக்குக் காட்டிய முதல் விஷயமே தண்ணீர்தான். பக்கத்து வீட்டுக் கிணற்றில் ஒரு சொம்பு மொண்டு கொடுத்து, "குடிச்சுப் பாருங்க சார், இளநி தோத்துடும்" என்றார். குடித்தோம். தோற்றுத்தான் போயிற்று. மறுநாளே முன்பணம் கொடுத்துவிட்டோம்.

அப்புறம் அடுக்குமாடிகள் வந்தன. கிணறுகள் குப்பைத் தொட்டிகளாயின. ஆளுக்கொரு போர் போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஆழமாக இறக்கினால், அடுத்தவர் அதைவிட ஆழமாக இறக்கினார். தண்ணீர் மாறிவிட்டது.

குழாயைத் திறந்தால் கண்ணாடி மாதிரிதான் விழும். ஒரு மணி நேரம் பக்கெட்டில் நின்றால் மஞ்சளாகும், வாயில் வைத்தால் ஆணியைச் சப்பியதுபோல இருக்கும். ஆண்களின் வெள்ளைப் பனியன் எல்லாம் டீ நிறம். ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பு பிடித்துக் கிடக்கும். தலைக்குக் குளித்தால் சீப்போடு முடி வரும். குடிக்க, சமைக்க எல்லா வீட்டிலும் கேன் தண்ணீர்தான்.

கேன் போடுபவர் பாபு. அவருடைய லோடு ஆட்டோ காலையில் தெருமுனையில் திரும்பும்போதே கேன்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் கேட்டுவிடும். வாசலில் இறக்கிவைப்பார், அவ்வளவுதான். மாடி ஏற மாட்டார். "நம்ம முட்டி அவுட்டு மேடம்" என்பார்.

என் எதிர்வீட்டு மாடியில் குடியிருப்பவர் எஸ்தர் அக்கா. ரயில்வேயில் டிக்கெட் கவுன்டரில் வேலை. ஐம்பது தாண்டியவர். கணவர் இல்லை. படுக்கையோடு இருக்கும் அம்மாவை வைத்துக்கொண்டு தனியாக அல்லாடுகிறவர். டூட்டி முடித்து வந்து, இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு, கேனைப் படிப்படியாக வைத்து வைத்து ஏற்றுவார். கேனும் சத்தம் போடும், அக்காவும் சத்தம் போடுவார். திட்டு வாங்காத தெய்வம் அந்தப் படிக்கட்டில் கிடையாது.

அதனால்தான், குழாய்த் திட்டத்துக்காகச் சாலையில் சிவப்புப் பெயின்டில் கோடு போட்டபோது தெருவிலேயே அதிகம் குதித்தவர் அவர்தான். அடுத்த தெரு வரை கோடு வந்துவிட்டது. எங்கள் தெருமுனையிலும் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டுப் போனார்கள். "தண்ணி மோசமா இருக்கற தெருவுக்கு முதல்ல. உங்க தெருவும் இருக்கு" என்று இன்ஜினியர் வாய்விட்டே சொல்லியிருந்தார்.

"குழாய் வந்த அன்னிக்கி, இந்தக் கேன ஒதச்சே படில உருட்டி வுடறேன் பாருங்க டீச்சர்" என்பார் எஸ்தர் அக்கா.

பொன்னெழுத்தில் மூன்று சொற்கள்

நான் வேதியியல் கற்பித்தது ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில். அந்தச் சாலையில் கால் தடுக்கி விழுந்தால் ஏதாவதொரு பல்கலைக்கழக வாசலில்தான் விழ வேண்டும். ஆகவே பெயர் சொல்லாததால் யாருக்கும் நஷ்டமில்லை.

நுழைவாயில் மண்டபத்தில் பொன்னெழுத்தில் எழுதியிருப்பார்கள்: கற்பித்தல், ஆராய்ச்சி, சமூகப் பணி. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! உள்ளே போனால் அவை மூன்றும் மூன்று அறைகள். மூன்றுக்கும் தனித்தனி டீன், தனித்தனி ஏ.சி. ஆண்டு இறுதியில் தரவரிசைக்குக் கணக்குக் காட்டும்போது மட்டும்தான் மூவரும் ஒன்றாக உட்காருவார்கள்.

போன வாரம் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "உங்களுக்கு அங்கே நல்லதே தெரியவில்லையா அம்மா?" தெரிந்தது. பிள்ளைகள் நல்லவர்கள். குன்றத்தூரிலிருந்தும் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்தும் விடியலில் பஸ் பிடித்து, தூங்கி வழிந்தபடி வந்து, லேபில் அமோனியா மூக்கில் ஏறியதும் விழித்துக்கொள்ளும் பிள்ளைகள். அவர்களைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

ஆனால் சமூகப் பணி என்றால் எங்களுக்கு ஃபோட்டோ. இடமும் நேரமும் தானாகப் பதிவாகும் ஃபோட்டோ வேண்டும். ஒரு கிராமத்தைத் தத்தெடுத்திருந்தோம். அந்தப் பள்ளிக்கூட மைதானத்தில் ஆண்டுதோறும் மரம் நடுவோம். ஒரே குழி. போன ஆண்டு நட்டது பட்டுப்போய்க் குச்சியாக நிற்கும். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அதே இடத்தில் புதுசை நட்டுப் படமெடுப்போம். ஊர்க்காரர் ஒருவர் ஒருமுறை கேட்டேவிட்டார்: "இதுக்குத் தண்ணி ஊத்தற ப்ரோக்ராம் எப்ப சார்?"

அந்த வெறுப்பில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் தெருத் தண்ணீரையே சோதித்தால் என்ன? மாணவிகளுக்கு அது நிஜமான பாடம். அளவுகள் ஆராய்ச்சிக்கு ஆகும். முடிவைச் சொன்னால் ஜனங்களுக்கு உபயோகம். மூன்று அறைகளையும் ஒரு பாட்டிலுக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தேன். டீன் கேட்டதும் துள்ளிக் குதித்தார். அதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஒத்துப்போனால் முழு மார்க்

வேதியியல் படிக்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பொறுத்துக்கொள்ளுங்கள், இது இல்லாமல் கதை புரியாது.

உப்புத் தண்ணீரில் ஒரு சிட்டிகை கறுப்புப் பொடி போட்டால் திராட்சைச் சாறுபோலச் சிவக்கும். மேலேயிருந்து ஒரு திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் பளிச்சென்று நீலமாகும். நல்ல தண்ணீர் சீக்கிரம் நீலமாகும். மோசமான தண்ணீர் கை ஓயும்வரை சிவப்பாகவே அடம்பிடிக்கும்.

இதை இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும். அளவுகள் ஒத்துப்போனால் முழு மார்க். ஒத்துப்போகாவிட்டால் வெட்டு. நான் படித்த காலத்தில் தாம்பரம் பக்கத்துக் கல்லூரி லேபிலும் இதே சட்டம்தான். அதனால் எங்கள் கூட்டத்துக்கே ஒரு வியாதி உண்டு. மூன்றாவது தடவை மாறி வந்தால், உண்மை என்ன என்று பார்ப்பதில்லை. முதல் இரண்டுக்கு ஒத்துவருகிற மாதிரி எழுதிவிடுவோம். இதைத்தான் பல தலைமுறைகளாகச் சொல்லிக்கொடுத்தோம். டீனும் வேதியியல்காரர்தான்.

மறுபடி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

வரிசை முடிந்து மேஜையை ஒழித்துக்கொண்டிருந்தபோது எஸ்தர் அக்கா வேகமாக ஓடிவந்தார். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கையில் டீ கொண்டுபோகிற எவர்சில்வர் ஃபிளாஸ்க்.

"டீச்சர், ரோஸ்டர மாத்திட்டானுங்க, இப்பதான் வரேன். மாடிக்குக்கூட ஏறல. கீழ இருக்கற பைப்ப தொறந்து அப்படியே புடிச்சுகினு வந்துட்டேன். வேணும்னா வெச்சுக்கோங்க, வேணாம்னா செடிக்கு ஊத்துங்க."

வாங்கி, எண் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்தேன். பெட்டி கல்லூரி வேனில் ஏறியது. சோதனை திங்கட்கிழமை. அன்று என்னை வேறொரு கல்லூரிக்குப் பரீட்சைப் பறக்கும் படையாக அனுப்பிவிட்டார்கள். மாணவிகளே சோதித்தார்கள். முடிவு என் மேஜைக்கு வராமல் நேராக டீன் அறைக்குப் போயிற்று.

அந்த வாரக் கடைசியில் ஆடிட்டோரியத்தில் விழா. மூன்றாவது வரிசையில் சந்தன வாசனையோடு உட்கார்ந்திருந்தேன். டீன் மைக்கைப் பிடித்து, "நம்ம டெஸ்ட் பண்ணின பகுதியோட நிலத்தடி நீர், குடிநீர்த் தரத்துல முதல் தரம்!" என்று அறிவித்தார். கைதட்டல். திரையில் படம் ஓடியது. வீட்டுக்கு ஒரு கம்பம். எல்லாக் கம்பமும் மதில் சுவர் கட்டினாற்போல ஒரே உயரம்.

நிலத்தடித் தண்ணீர் அண்ணன் தம்பி மாதிரி. ஒரு வயிற்றில் பிறந்திருந்தாலும் ஒன்றாக இருக்காது. என் வீட்டுப் போருக்கும் பக்கத்து வீட்டுப் போருக்குமே ஒத்துவராது. தெரு முழுக்க எப்படி ஒரே தண்ணீர் வரும்?

விழா முடிந்ததும் கவிதாவைப் பிடித்தேன். சோதனை செய்த மாணவிகளில் கெட்டிக்காரி.

"மேடம், ஒரு சொட்டு விட்டதுமே நீலம் ஆயிடுச்சு மேடம். எல்லா பாட்டிலும் அப்படித்தான். என் கை மேலதான் தப்புன்னு நெனச்சு திரும்பத் திரும்பப் பண்ணேன். டீன் சார் பாத்துட்டு, இப்படி ஒத்துவர்றது ரொம்ப அபூர்வம்னு எல்லாரையும் பாராட்டினாரு."

"எல்லாமேவா?"

"ஒண்ணு மட்டும் இல்ல மேடம். ஃபிளாஸ்க்ல வந்தது. மஞ்சளா இருந்துச்சு. விட விட சிவப்பாவே நின்னுச்சு. பாத்திரம் துருப்பிடிச்சிருக்கும், அத எடுத்துடுன்னு சார் சொல்லிட்டாரு."

எவர்சில்வர் ஃபிளாஸ்க் எந்த ஊரில் இப்படித் துருப்பிடிக்கிறது?

"நம்ம தெரு மானம் என்ன ஆகறது?"

அன்று மாலை நேராகக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் சேகர் சார் வீட்டுக்குப் போனேன். ரிட்டயர்டு அதிகாரி. ஊஞ்சலில் உட்கார்ந்து விழாச் செய்தியை ஃபோனில் படித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"வாங்க மேடம்! நம்ம தெரு பேரு வந்திருக்கு பாத்தீங்களா?"

"சார், அன்னிக்கு நீங்க எந்தத் தண்ணியக் கொடுத்தீங்க?"

"எங்க வீட்டுத் தண்ணிதான்."

"குழாய்த் தண்ணியா?"

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "குழாய்த் தண்ணியையா குடுப்பாங்க? யுனிவர்சிட்டிலேர்ந்து டீன் எல்லாம் வராங்க. அவங்க கையில மஞ்சத் தண்ணியக் குடுத்தா நம்ம தெரு மானம் என்ன ஆகறது? கேன் தண்ணிதான் குடுத்தேன். அதுவும் புதுக் கேன், காலைல உடைச்சது. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், நல்ல தண்ணியா எடுத்துட்டு வாங்க, நம்ம மேடத்தோட ப்ரோக்ராம்னு."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பீரோவிலிருந்து வெள்ளித் தம்ளரை எடுத்து வைக்கிற தெரு இது. சோதனைக்கு வந்தவர்களையும் சம்பந்தி வீட்டாராக ஆக்கிவிட்டது. தெரு முழுக்கப் பாபுவின் கேன்களைக் கவிழ்த்து, பாட்டிலில் ஊற்றி, மூடி போட்டு, பூ வைத்துக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தேன். அன்று சாமியானாவில் நான் நின்றதால், எங்கள் வீட்டுப் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தவர் என் வீட்டுக்காரர். அவரிடம் கேட்கவே பயமாக இருந்தது. கேட்டேன்.

டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "கேன் தண்ணிதான். ஏன்? ஊர் பூரா நல்ல தண்ணி குடுக்கறாங்க, டீச்சர் வீட்டுலேர்ந்து மட்டும் மட்டமா போனா உனக்குத்தானே கெட்ட பேரு?"

முப்பது வருஷம் ஒரு வேதியியல்காரியோடு குடித்தனம் நடத்தியவர் சொன்ன வார்த்தை இது. அன்று இரவுச் சமையலை அவரையே செய்துகொள்ளச் சொல்லிவிட்டேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருந்தேன். கேன் வாங்கி வைத்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

நன்றி சொன்ன ஆபீஸ்

அதோடு முடிந்திருந்தால், சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போயிருக்கலாம்.

தரவரிசையில் இன்னொரு கட்டம் உண்டு: 'உங்கள் ஆராய்ச்சியால் சமூகத்தில் என்ன மாற்றம்?' ஏதாவதொரு அரசாங்க ஆபீஸ் நன்றி தெரிவித்திருந்தால் அந்தக் கட்டத்துக்கு மதிப்பெண் உண்டு. டீன் சும்மா இருப்பாரா? முடிவுகளைப் பளபளப்பாக அச்சடித்து, குழாய்த் திட்டத்தைப் பார்க்கும் ஆபீஸுக்கே நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். பொன்னாடையும் போர்த்தினார்.

அவர்களுக்குக் கசக்குமா? குழாய் கேட்டுப் பத்துத் தெருக்காரர்கள் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு தெரு, எங்கள் தண்ணீர் முதல் தரம் என்று பல்கலைக்கழக முத்திரையோடு தானாகவே விலகிக்கொள்கிறது. உடனே நன்றி சொன்னார்கள். எங்கள் தெருவை 'பிறகு பார்க்கலாம்' என்று ஒதுக்கிவைத்தார்கள்.

விஷயம் தெரிந்ததும் டீனிடம் ஓடினேன். நடந்ததை அப்படியே சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அவருடைய பொறுமைதான் எனக்கு ஆகாது.

"மேடம், எல்லாம் அப்லோடு பண்ணியாச்சு. இப்ப போயி நாங்க டெஸ்ட் பண்ணினது கேன் தண்ணின்னு சொன்னா, யாருக்கு அசிங்கம்? அடுத்த வருஷம் ஃபேஸ் டூன்னு ஒண்ணு போட்டுப் பண்ணிக்கலாம்."

"சார், அதுக்குள்ள குழாய் வேற தெருவுக்குப் போயிடும்."

"குழாய் நம்ம டிபார்ட்மென்ட் இல்ல மேடம்."

நானும் கவிதாவும் வீடு வீடாகப் போனோம். இந்தத் தடவை நாங்களே குழாயைத் திறந்து பிடித்தோம். லேபில் எல்லாம் சிவப்பாகவே நின்றன. ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக மோசம். எனக்கு அதைப் பார்த்ததும்தான் உயிர் வந்தது. கவிதா அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னாள்: "மேடம், ஒத்துவராததும் கரெக்டா இருக்கலாம்னு யாருமே எங்களுக்கு சொல்லலியே." அந்தப் பெண் அவ்வளவு படித்ததில் அதுதான் பாடம்.

அதை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். இன்ஜினியர் மரியாதையாக உட்காரவைத்தார். "பல்கலைக்கழக முத்திரை இல்லியே மேடம். முன்னாடி குடுத்ததுல இருக்கே" என்றார். இல்லையென்றால், தெருக்காரர்களாவது அன்று கொடுத்தது கேன் தண்ணீர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும், மேலே பேசிப் பார்க்கிறேன் என்றார். நல்ல மனுஷர்.

மறுபடி சேகர் சார். "மேடம், தப்பா நெனைக்காதீங்க. மாடி போர்ஷன விக்கப் போட்டிருக்கேன். தண்ணி முதல் தரம்னு பேப்பர்ல வந்ததுக்கப்புறம்தான் ரெண்டு பார்ட்டி வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க. இப்ப நானே மோசம்னு எழுதிக் குடுத்தா எப்படி?"

அடுத்த வீட்டில், மகளுக்கு வரன் பார்க்கிறோம், இந்தச் சமயத்தில் கேலிக்கு ஆளாக வேண்டாம் என்றார்கள். அதற்கடுத்த வீட்டில் கதவைத் திறக்கவே இல்லை, உள்ளே டி.வி. மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இவர்களேதான் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, "உங்க காலேஜ் குடுத்த ரிப்போர்ட்டாலதான் குழாய் போச்சு" என்று என் முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. டீன் மீது வரும் கோபத்துக்காவது ஒரு முகம் இருக்கிறது. தெரு மீது வரும் கோபத்தை நான் யாரிடம் காட்டுவது? காலையில் கதவைத் திறந்தால் அவர்கள் முகத்தில்தானே விழிக்க வேண்டும்.

எழுதித் தருகிறேன் என்று சொன்னது ஒரே ஒருவர்தான். எஸ்தர் அக்கா படியிறங்கி வந்து, "குடுங்க டீச்சர், எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

"அக்கா, நீங்க குடுத்தது குழாய்த் தண்ணி. உங்கள அந்த ரிப்போர்ட்லேர்ந்தே எடுத்துட்டாங்க. நீங்க எழுதிக் குடுத்தா செல்லாது."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிறகு சொன்னார்: "நான் மட்டும் என்னா பெரிய அரிச்சந்திரனா டீச்சர்? டைம் இருந்திருந்தா நானும் கேன் தண்ணிதான் ஊத்திகினு வந்திருப்பேன். அசிங்கமா இருக்காது? ரோஸ்டர மாத்தினதால உண்மை வெளிய வந்துச்சு. வந்தும் இன்னா? தூக்கி வெளிய போட்டுட்டீங்க."

'போட்டுட்டீங்க' என்றார். 'போட்டுட்டாங்க' என்று சொல்லவில்லை. அவர் பார்வையில் நானும் டீனும் ஒரே பேனர்தான்.

சில வாரம் கழித்து ஜே.சி.பி. வந்தது. அடுத்த தெருவைத் தோண்டி, நீலக் குழாயைப் பதித்துக்கொண்டே எங்கள் தெருமுனை வரை வந்தது. அங்கே அப்படியே வலது பக்கம் திரும்பிப் போயிற்று. அம்புக்குறியை அந்த வருஷத்து மழை கழுவிவிட்டது.

எனக்குச் 'சிறந்த சமூகப் பணி' என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். வாங்க மாட்டேன் என்று மேடை ஏறவில்லை. பியூனிடம் கொடுத்து வீட்டுக்கே அனுப்பிவைத்தார்கள். அந்த ஆண்டு முடிந்ததும் வேலையை விட்டேன். டீன் இப்போது இன்னொரு பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர். அதே சாலைதான், இன்னும் கொஞ்ச தூரம் தள்ளி.

பாபுவின் ஆட்டோ

போன மாதம் ஒரு காலை. கேன்கள் இடிக்கும் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தேன். பாபு ஆட்டோவுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார். பின்பக்கம் பளபளவென்று ஒரு பிளக்ஸ். 'பல்கலைக்கழகத்தால் பரிசோதிக்கப்பட்ட முதல் தரக் குடிநீர்.' பக்கத்தில் எங்கள் பல்கலைக்கழகச் சின்னம், நிறம் மட்டும் கொஞ்சம் மாறியிருந்தது.

"என்ன பாபு இது?"

"இன்னா மேடம், தெரியாத மாதிரி கேக்கறீங்க? அன்னிக்கி கோயிலாண்ட டெஸ்டு வெச்சீங்கல்ல? தெருவே ஊத்திகினு வந்தது நம்ம கேனுதானாமே! சேகர் சார்தான் சொன்னாரு. அல்லா வூட்டு பாட்டிலும் பாஸாம். அப்ப பாஸானது ஆரு தண்ணி? நம்ம தண்ணிதானே?" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் சுருதி இறங்கினார். "ஏன் மேடம், பொய்யா எழுதிக்கீது?"

பொய்யில்லை. அத்தனை பேர் கையெழுத்துப் போட்ட அந்தச் சோதனையைப் பற்றி எழுதியதில், ஒவ்வோர் எழுத்தும் உண்மையாக இருந்த ஒரே இடம் அந்த ஆட்டோவின் முதுகுதான். "இல்லப்பா, சரியாத்தான் எழுதியிருக்கே" என்றேன்.

"அதான! வெல மட்டும் கொஞ்சம் ஏத்திக்கீறேன் மேடம். சர்ட்டிபிகேட் தண்ணியாச்சே."

எதிர்வீட்டுப் படியில் எஸ்தர் அக்கா இடுப்பு பெல்ட்டோடு இறங்கி வந்தார். பிளக்ஸை உரக்கப் படித்தார். இன்னொரு முறை படித்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாபுவும் என்னவென்று தெரியாமலே கூடச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பாபு இரண்டு கேனைப் படிக்கட்டுக்குக் கீழே இறக்கிவைத்துவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கேனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் புடிங்க டீச்சர்."

பிடித்தேன். அக்கா கழுத்துப் பக்கம், நான் அடிப்பக்கம். பாதிப் படி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. ஈரத்தில் கை வழுக்கி, கேன் ஒரு பக்கம் சாய்ந்தது.

"பாத்து டீச்சர், மெதுவா" என்றார் எஸ்தர் அக்கா. "உங்க ஆராய்ச்சி கீழ கொட்டிடப் போவுது."